நான்கு ஹார்ட்டினும் ஒரு ஸ்பேடும்

தம்பி,

உன் கடிதங்களை நான் கடைசி வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். உடம்பு சரியில்லை என்றாலும், மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றாலும், எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகு கையெழுத்துக்குச் சற்று மேலேதான் அதை எழுதுவாய். இந்த முறை அங்கே காய்ச்சலும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஈப்போவில் நீ தங்கியிருக்கும் ஆசிரியர் விடுதியில் சனிக்கிழமைகளில் போக்கர் ஆடுகிறார்கள் என்றும், அதுவும் வரம்பில்லாத ஆட்டம் என்றும், போன வாரம் நான்கு கிளாவரை வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளித் தோற்றுவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். பக்கத்து அறைக்காரர் உன்னை அவசரக்காரன் என்கிறாராம். அதற்குக் கீழே ஒரு கேள்வி: ஒரு சீட்டுக் குறைவதால் முடியாத கையைத் துணிந்து ஆடுவதா, அடக்கி ஆடுவதா, கணக்கு டீச்சரான அம்மாவே சொல்லட்டும் என்று. ஓரத்தில் சின்ன எழுத்தில், அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்று.

சீட்டாடாதே என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். உனக்கு இருபத்துநான்கு வயது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாய். உன்னை எதிலிருந்தும் தடுக்கும் வயதை நீயும் தாண்டிவிட்டாய், நானும் தாண்டிவிட்டேன். எனக்கு அடுத்த தை மாதம் நாற்பத்தொன்பது முடிகிறது. அதனால் ஆடாதே என்று சொல்லப் போவதில்லை. தப்பாக ஆடாதே என்று மட்டும் சொல்கிறேன். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை நான் ஒரே ஒரு தடவைதான் கையில் எடுத்து ஆடியிருக்கிறேன். அதில் பந்தயமாக இருந்தது நாம் இந்த ஊரில் இருப்பதா, கிளம்பிவிடுவதா என்பது. நீ அப்போது பினாங்கில் பயிற்சிக் கல்லூரியில் இருந்தாய். உனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கே முழுவதும் தெரியாது.

முதலில் கணக்கு. ஐந்து சீட்டில் நான்கு ஹார்ட்டின் கையில் இருக்கிறது, ஐந்தாவது வேறு ஏதோ. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு மாற்றுச் சீட்டு ஒன்று வாங்கலாம். அதுவும் ஹார்ட்டினாக வந்தால் ஐந்தும் ஒரே சின்னம், ஏறக்குறைய எல்லாரையும் அடிக்கும் கை. வராவிட்டால் கையில் ஒன்றுமில்லை. நீ பார்க்காத சீட்டுகள் நாற்பத்தேழு. அவற்றில் ஹார்ட்டின் ஒன்பது. ஐந்து தடவைக்கு ஒரு தடவை, அதிலும் கொஞ்சம் குறைவாகத்தான், உன் கை முடியும். ஆகவே மாற்றுச் சீட்டு வாங்க நீ என்ன வைக்க வேண்டியிருக்கிறதோ, அதைப்போல நாலேகால் மடங்காவது நடுவில் ஏற்கனவே கிடக்க வேண்டும். கிடந்தால் வை. இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடு. இதில் எந்தப் பிழையும் இல்லை. இதை எந்தத் தேர்வில் எழுதினாலும் முழு மதிப்பெண் கிடைக்கும். இதை நம்பித்தான் உன் அப்பாவை நான் பல வருடம் தோற்க வைத்தேன்.

இங்கே மலாக்காவில், நம் காஜா பெராங் வீட்டின் முன்கூடத்தில் இருக்கும் வட்ட மார்பிள் மேசை உனக்கு ஞாபகமிருக்கும். ஒரு சீனர் காப்பிக்கடையை மூடியபோது அப்பா வாங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் அதில் மூன்று பேர் உட்காருவார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் உன் அப்பா, அதே அலுவலகத்தில் பக்கத்து மேசை லிம், அடுத்த வீட்டுத் தங்கம். நாம் குடியிருப்பது, பல தலைமுறையாக மலாயே பேசும் செட்டிகள் வாழும் செட்டிக் கம்பத்தின் ஓரம் என்பதால் தங்கம்தான் நமக்கு முதல் சொந்தம். அவருக்குத் தமிழில் சாமி பெயர்களும் முறைப் பெயர்களும் தவிர அதிகம் வராது. எனக்கு மலாய் வந்ததே அவரால்தான். வார நாட்களில் உறவுக்காரப் பெண்களோடு செக்கிச் சீட்டு ஆடுவார். ஞாயிறுகளில் நம் மேசையில் போக்கர். பணம் கிடையாது, ஆளுக்கு நாற்பது ரப்பர் கொட்டை. ஆனால் வரம்பு கிடையாது. எந்த நேரத்திலும் யாரும் முன்னால் உள்ளதையெல்லாம் தள்ளலாம். கொட்டை தீர்ந்து எழுந்தவர் அடுத்த ஞாயிறு பலகாரம் செய்ய வேண்டும். நான் ஆட மாட்டேன். காப்பி கலந்து வைத்துவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுக்கட்டோடு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

அவர் அடிக்கடி தோற்பதைப் பார்த்துப் பொறுக்காமல், எந்தக் கைக்கு எத்தனை மடங்கு கிடந்தால் வைக்கலாம் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். சென்னையில் கல்லூரியில் படித்த கணக்குக்கு மலாக்காவில் அதைவிட நல்ல வேலை எதுவும் அதுவரை கிடைத்திருக்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? அதை அலுவலகத் தாளில், அலுவலக மையில், வரைபடத்துக்கு எழுதும் அழகான சிறு எழுத்தில், சிவப்புக் கோடு கட்டி மறுபடி வரைந்தார். வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி மட்டும்தான் இல்லை. மடித்துச் சிகரெட் டப்பாவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை மீறவில்லை. நடுவில் போதுமான அளவு கிடந்தால் வைப்பார், இல்லையென்றால் கவிழ்ப்பார். முடியாத கையோடு ஒருநாளும் பந்தயத்தை ஏற்றியதில்லை. கணக்கை இவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்த மாணவர் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஆனால் பலகாரம் முன்னைவிட அதிகமாக நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

காரணத்தைத் தங்கம் சொன்னார், செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே. எனக்கு மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "டீச்சர், உன் வீட்டுக்காரரோடு ஆடுவது ரொம்பச் சுகம். ஒரு சீட்டுக்காகக் காத்திருந்தால் பேசாமல் வைப்பார். கை முடிந்துவிட்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏற்றுவார். அவர் ஏற்றினால் நான் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?" பிறகு ஒரு ஜாக்கெட்டை உதறிவிட்டு, அந்த அட்டவணையில் எனக்கும் ஒன்று வரைந்து தரச் சொல், அவர் முகத்தைப் பார்க்கிற சிரமமும் மிச்சம் என்றார்.

அன்றுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை எனக்குப் புரிந்தது. நான் சீட்டுகளை எண்ணியிருந்தேன், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களை எண்ணவில்லை. ஏற்றுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி இருக்கிறது. கை முடிந்தும் ஜெயிக்கலாம், மற்றவர்கள் கவிழ்த்தும் ஜெயிக்கலாம். சமமாக வைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஒரே வழிதான், அதுவும் ஐந்தில் ஒன்று. நடுவில் இருபது கொட்டை, உன்னிடம் முப்பது என்று வைத்துக்கொள். நான்கு ஹார்ட்டினோடு முப்பதையும் தள்ளுகிறாய். எதிராளி இரண்டு தடவைக்கு ஒரு தடவை கவிழ்ப்பவர் என்றால், கடைசியில் நீ லாபத்தில்தான் இருப்பாய், மீதித் தடவைகளில் பெரும்பாலும் தோற்றாலும்கூட. எந்த முடிவையும் ஒரே இரவில் நம்பும் வழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் நோட்டுத் திருத்துவதுபோல் உட்கார்ந்து, யார் எப்போது கவிழ்க்கிறார் என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். லிம் கவிழ்ப்பதே இல்லை, தோற்பதைவிட எதிராளி கையில் என்ன இருந்தது என்று தெரியாமல் போவதுதான் அவருக்குக் கஷ்டம். தங்கம் ஆளைப் பார்த்துக் கவிழ்ப்பார். உன் அப்பா, பெரிதாக யார் ஏற்றினாலும், பாதிக்கு மேல் கவிழ்ப்பார்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன்னைத் தோற்கடித்தவர் எங்கள் லிம் மாதிரியானவர் என்றால், நீ துணிந்தது தப்பு. விலகத் தெரியாதவரிடம் முடியாத கையை ஏற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. அவரிடம் மலிவாகக் கிடைத்தால் மட்டும் சீட்டு வாங்கு, முடிந்த பிறகு ஏற்று, உன் கையைப் பார்ப்பதற்காக அவரும் சமமாக வைத்து வருவார். உனக்கு முன்பே ஒருவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் அவர் இனி கவிழ்க்கப் போவதில்லை, அங்கே நாலேகால் மடங்குக் கணக்கு மட்டும்தான். ஆனால் எதிரே இருப்பவர் விலகக் கூடியவர், உன்னிடம் அவருக்கு வலிக்கும் அளவுக்கு இருக்கிறது என்றால், ஏற்று. பாதி மனதோடு ஏற்றாதே. நான் உன்னைத் தடுப்பதெல்லாம் ஒன்றிலிருந்துதான்: முடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, பார்ப்போம் பார்ப்போம் என்று இருப்பது. கவிழ்ப்பவனுக்குக் கொஞ்சம்தான் போகும். ஏற்றுபவனுக்கு எப்போதாவது மொத்தமும் போகும். பார்ப்பவனுக்குத் தான் இழப்பது தெரியாமலே போய்க்கொண்டிருக்கும்.

இதை இவ்வளவு உறுதியாக எழுதுகிறேனே தவிர, வீட்டில் நானும் அவரும் அப்படித்தான் இருந்தோம். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அப்பாவுக்கு ஐம்பத்துநான்கு. அடுத்த வருடக் கடைசியில் ஓய்வு. நீ மலாக்காவில் பிறந்தவன், உனக்கு இந்த நாட்டில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்படியல்ல. பல வருடம் இங்கே இருந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுக் கொடுத்தால் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை கிடைக்கும் என்றார்கள். மனுத்தாள் இரண்டும் அப்பாவின் வரைகருவிப் பெட்டியில், பேனா முனைகளுக்கு அடியில் கிடந்தன. அதே சமயம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா மேற்பார்வையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பியது என்பது பெரிய வார்த்தை. ஒரு வருடம் ஒரு சுவர், அடுத்த வருடம் ஒரு நிலைக்கதவு. அங்கே வீட்டை முடிக்கவும் இல்லை, இங்கே மனுவைக் கொடுக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டு சீட்டுக்குக் காத்திருந்தார். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடலாம், நீயும் பின்னால் வந்துவிடுவாய் என்பது அவர் எண்ணம். நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் கப்பலில் வந்து இறங்கிய நான், என் வேலையையும், தங்கத்தையும், உன்னையும் விட்டுவிட்டு, பாதிச் சுவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்பதும் தெரியும். தெரிந்தும், ஒரு தடவையாவது நேராகச் சொன்னேனா? இல்லை. மனு என்ன ஆயிற்று என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பேன். "பாப்போம்லா" என்பார். சரி என்று நோட்டுத் திருத்தப் போய்விடுவேன். அவர் வைத்தது ஒன்று, நான் வைத்தது ஒன்று. ஆறு மாதம் அப்படிப் போய்விட்டது.

பிறகு ஒரு ஞாயிறு லிம் வரவில்லை. மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம். இரண்டு பேர் ஆடினால் சுவை இருக்காது என்று தங்கம் என்னை இழுத்து உட்கார வைத்தார். அப்பா சிரித்தார். "அட்டவணை போட்டவங்களே வந்தாச்சா, அப்ப நான் இன்னைக்குப் பலகாரம்தான்" என்றார். ஒரு மணி நேரம் நான் எதுவும் பெரிதாகச் செய்யவில்லை. பிறகு தங்கம் கலைத்துப் போட்ட கையில் எனக்கு நான்கு ஹார்ட்டின் வந்தது. ஏஸ், ஜாக்கி, ஏழு, நாலு. ஐந்தாவது ஸ்பேடு இரண்டு. அப்பா நாலு கொட்டையோடு தொடங்கினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, ஆனால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏதோ இருக்கிறது, ஆனால் ஆகப் பெரியது இல்லை என்று புரிந்துகொண்டேன். தங்கமும் நாலு வைத்தார். என் முறை வந்தது. என் அட்டவணைப்படி அங்கே சமமாக வைப்பதுகூடத் தப்பு. முன்னால் இருந்த முப்பத்தெட்டையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன். ஒன்றிரண்டு கொட்டை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

தங்கம் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். அப்பா தன் சீட்டுகளை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். அப்போதுதான் நான் சொன்னேன். "இது வெறும் கொட்டைக்கு இல்லீங்க."

"பின்னே?"

"நான் ஜெயிச்சா செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு என்கூட வந்து மனுவுல கையெழுத்துப் போடணும். நீங்க ஜெயிச்சா ரெண்டு தாளையும் இங்கேயே கிழிச்சுப் போட்டுறலாம். வருசக் கடைசில ஊருக்குக் கிளம்பலாம். நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

தங்கம் என்ன என்று கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் என்னையும் பார்க்காமல் அப்பாவையும் பார்க்காமல், மேசையைப் பார்த்து, "தாக்குட் அபா?" என்றார். எதற்குப் பயம் என்று. யாரைக் கேட்டார் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பா வெகுநேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவு நல்ல கையா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில், பார்க்க வேண்டுமென்றால் வைக்க வேண்டும் என்றேன். அவர் ஐந்து சீட்டையும் விளிம்பு சேர்த்து, வரைந்து முடித்த தாளை மேலதிகாரி மேசையில் வைப்பதுபோல், கவிழ்த்து வைத்தார். "சரி. செவ்வாய்க்கிழமை" என்றார். நான் என் சீட்டுகளை மற்றவற்றோடு கலைத்துவிட்டேன். பார்க்க வராதவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது ஆட்டத்தின் விதி. அவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனோம். குமாஸ்தா கேட்டதற்கெல்லாம் அப்பா மலாயில் நல்லபடியாகப் பதில் சொன்னார், முப்பது வருடம் சர்வேக்காரர்களோடு பேசிய மலாய். தேர்வு வைத்திருந்தாலும் என்னைவிட நன்றாகவே தேறியிருப்பார். திரும்பும்போது சந்தையில் நின்று மங்குஸ்தான் வாங்கினார். நல்லதா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, நேரம் எடுத்து வாங்கினார். அன்று சாயங்காலம் வேலியருகே தங்கம் என்னைக் கூப்பிட்டு, சீட்டுகளைப் பொறுக்கும்போது அப்பாவின் கையைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். மூன்று எட்டு. மூன்று எட்டுக்கு எதிராக நான்கு ஹார்ட்டின் ஒன்றுமே இல்லை, தம்பி. அவர் பார்க்க வந்திருந்தால் ஐந்துக்கு நாலு தடவை நான் தோற்றிருப்பேன். உன் கையில் என்ன இருந்தது என்று தங்கம் கேட்டார். நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டு கையும் தெரியும், தங்கத்துக்கு அப்பாவின் கை மட்டும் தெரியும், அப்பாவுக்கு என் கை தெரியாது. நான்கு வருடமாக அப்படியே இருக்கிறோம்.

துணிந்து ஆடுவதைப் பற்றி விடுதிப் பையன்கள் உனக்குச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. நீ ஏற்றி ஜெயிக்கும் தடவைகளில் பாதியில், எதிரே இருப்பவர் உன்னைவிட நல்ல கையைத் தூக்கிப் போடுகிறார். உன் லாபம் அங்கேதான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. கொட்டைக்கு ஆடும்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. மற்றதற்கு ஆடும்போது யோசி. போன வருடம் பெரியப்பா இறந்த தந்தி வந்தது உனக்குத் தெரியும். கப்பல் போய்ச் சேரும் முன் எல்லாம் முடிந்துவிடும் என்று நீயும் நானும் சொன்னோம், அது உண்மையும்கூட. அப்பா வரைகருவிப் பெட்டியைத் திறந்து, இப்போது எதற்கும் தேவைப்படாத பேனா முனைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். நான் அடுக்களையில் நின்று அதைப் பார்த்தேன். அந்த மூன்று எட்டை அவர் கவிழ்க்காமல் இருந்திருந்தால், அண்ணனின் கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதத்தில் அர்த்தமில்லை. மேசையில் நான் சொன்ன வாக்கு பொய். தோற்றால் ஒன்றும் பேச மாட்டேன் என்றேன். தோற்றிருந்தாலும் செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போய் என் மனுவைக் கொடுத்திருப்பேன். அதை முதல் நாளே முடிவு செய்திருந்தேன். இல்லாத கையை இருப்பதுபோல் காட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. மேசையில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரிந்த விதி அது, அவரும் அதே விதியில்தான் ஆடினார். ஆனால் தோற்றால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தே ஒன்றைப் பந்தயம் வைத்தேன். அது விதியில் இல்லை. இதை நீ எந்த மேசையிலும் செய்யாதே. தள்ளுவதென்றால் போனால் போகட்டும் என்று நினைப்பதைத்தான் தள்ள வேண்டும். அப்படி நினைக்க முடியாத ஒன்று இருந்தால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, இதை நான் தர மாட்டேன் என்று நேராகச் சொல். எனக்கு அதைச் சொல்ல ஆறு மாதம் இருந்தது. ஒரு ஞாயிறுகூடச் சொல்லவில்லை.

இதுவரை நேற்று எழுதினேன். நீ ஓரத்தில் கேட்டுக்கொண்டதை மீறி, இன்று காலை பசியாறியதும், இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள். உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அட்டவணைப் பகுதியில் சிரித்தார். மங்குஸ்தான் பகுதியில், அதில் இரண்டு அழுகல், அதை எழுதவில்லையே என்றார். மூன்று எட்டு வந்தபோது காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் படித்து முடிக்கும்வரை அதை மறுபடி எடுக்கவில்லை.

"நாப்பத்தேழுல ஒம்பது" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப, நான் பாத்திருந்தா அஞ்சு தடவையில நாலு தடவை ஊருக்குப் போயிருப்பேன்."

"ஆமா."

"அந்த நாலு தடவையும் நீ வந்திருக்க மாட்ட."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிதானா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். சரிதான் என்றேன். இது அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். மூன்று எட்டை வைத்துக்கொண்டு வேறெதற்காகக் கவிழ்ப்பார்கள் என்றார். நான் அதை முழுவதும் நம்பவில்லை. உன் அப்பாவுக்கு, தோற்ற பிறகுதான் எப்போதும் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் என் நோட்டின் ஓரத்தில் போட்ட கோடுகளை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று ஒரே எண்ணோடு அவர் கவிழ்த்ததாக ஒரு கோடுகூட அதில் இல்லை.

மதியம் கப்பல் கம்பெனி முகவரைப் பார்க்கப் போனேன். போகலாமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பார்ப்போம் என்றிருப்பார். பள்ளி விடுமுறை தொடங்கும் வாரம் நாகப்பட்டினத்துக்கு இரண்டு இடம், பொங்கலுக்குப் பிறகு திரும்ப இரண்டு இடம். அந்த வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு வருவோம், இல்லையென்றால் விற்றுவிட்டு வருவோம். அங்கே போய் நின்ற பிறகு அவர் சொல்லட்டும். இனி அரைச் சுவராக விட்டுவைக்கப் போவதில்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் சொன்னால், நான் இருக்க மாட்டேன் என்று இந்த முறை முன்கூட்டியே, சீட்டு இல்லாமல், அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். தெரியும்லா, அதான் ரெண்டு பேருக்கும் திரும்பி வரவும் எடுத்திருக்கியே என்றார். இப்போது பரணில் ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை ஆடு. யார் கவிழ்ப்பார் என்பதை முதலில் பார். நாங்கள் திரும்பி வந்ததும் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வா. நாற்பது கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா